எளியதென்று தள்ளப்பட்ட கணக்கு

மேனாம்பேட்டிலிருந்து ஒரு மூதாட்டி, வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகனுக்குப் பேரப்பிள்ளையின் படத்தைக் கைப்பேசியில் அனுப்புகிறார். நொடிப்பொழுதில் அது சென்று சேர்கிறது. படத்தை அவ்வாறு சுருக்கித் தரும் கணக்கை முன்மொழிந்தவர், 1940இல் பெங்களூரில் பிறந்த பேராசிரியர் நசீர் அஹ்மத் என்பதை நம்மில் பலர் அறியார்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், கொசைன் உருமாற்றத்தை ஆராய்வதற்கு 1972இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி வேண்டினார். கருத்து மிக எளியது என்று கருதிய மதிப்பீட்டாளர்கள் அதனை ஏற்கவில்லை. அவரோ 1973ஆம் ஆண்டின் கோடை முழுவதையும் அவ்வாய்வுக்கே ஒதுக்கினார். அவர்தம் மாணவர் டி. நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952இல் பொறியியல் பட்டம் பெற்ற கே. ஆர். ராவ் ஆகியோருடன் இணைந்து எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது.

இவ்வுருமாற்றம், வரிசையாக அமைந்த ஒளியளவுகளை மெல்ல மாறும் அலைகளாகவும் விரைந்து மாறும் அலைகளாகவும் பிரித்துக் காட்டுகிறது. விரைந்த அலைகள் கண்ணுக்கு அதிகம் புலப்படா. அவற்றைத் தோராயமாகக் குறித்தாலும் படம் கெடுவதில்லை. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பகுக்கும் ஜேபெக் தரம் 1992இல் இதன்மீதே எழுந்தது.

இதனைக் கணினி விரைந்து செய்வது எங்ஙனம்? கூலி, டூக்கி ஆகிய இருவரும் 1965இல் வேக ஃபூரியர் உருமாற்றத்தை வெளியிட்டிருந்தனர். எண்வரிசையை இரட்டை இடத்தன, ஒற்றை இடத்தன என இரண்டாக்கி, அப்பகுதிகளையும் அவ்வாறே பிரித்துச் செல்வது அதன் நெறி. 1024 எண்களுக்கு நேர்வழியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும்; இந்நெறியில் 5,120 போதும். மூவரின் கட்டுரையும் இவ்வழியையே காட்டிற்று. எட்டு எண்களின் பின் எட்டுப் பூச்சியங்களை இட்டுப் பதினாறாக்கி, வேக உருமாற்றம் செய்து, முதல் எட்டு விடைகளை அவற்றிற்குரிய சுழற்சிக் காரணிகளால் பெருக்கி, மெய்ப்பகுதியை மட்டும் எடுத்து உரிய அளவில் திருத்தினால் கொசைன் விடை கிட்டும்.

மென்பொருள் நூலகம் எழுதுவோருக்கு அப்பூச்சியங்களும் வீண் சுமையே. 1991இல் முதன்முதல் வெளியான லிப்ஜேபெக் நூலகம், எட்டு எண்களுக்கென்றே 1989இல் வகுக்கப்பட்ட குறுக்குவழியை ஏற்றுக்கொண்டது. நேர்வழியில் 64 பெருக்கல்கள் வேண்டும். குறுக்குவழியில் 11 போதும். ஆயினும் நூலகத்தார் 12 பெருக்கல்கள் கொண்ட மாற்று வடிவத்தையே தேர்ந்தனர். அவ்வடிவத்தில் எந்த எண்ணும் ஒன்றுக்கு மேற்பட்ட பெருக்கலைத் தொடர்ந்து கடப்பதில்லை. ஆகவே முழுவெண்களைக் கொண்டே கணக்கிடும்போதும் பிழை பெருகுவதில்லை. துல்லியத்தின் பொருட்டு ஒரு பெருக்கலை அவர்கள் விலையாகக் கொடுத்தனர்.

கணக்கு எளியதாக இருந்தமையாலேயே அதனைக் கைப்பேசியளவு சிறிய கருவியிலும் இயக்க முடிகிறது. மாணவர்தம் ஆய்வேடுகளை மதிப்பிடும் நம் கல்விக்கூடத்தாரும், எளிமையைக் குறையெனக் குறிக்குமுன் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பதே நீதமாகும்.