கடல் தாண்டும் சரக்கு – 9: கந்தகப் புகையும் கறுவாச் சுருட்டும்

டென்மார்க்கில் காலைக் காப்பிக்குத் துணையாக ஒரு ரொட்டி உண்டு. வெண்ணெய், சர்க்கரை, பட்டைத்தூள் மூன்றையும் மாவில் பூசி, நத்தை ஓடுபோலச் சுருட்டிச் சுடுவார்கள். அதன் பெயருக்கே 'பட்டை நத்தை' என்றுதான் பொருள். 2013 டிசம்பரில், கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடித்திருந்த நேரம் பார்த்து, அந்நாட்டு உணவுத் துறை இந்த நத்தைமீது கை வைத்தது. சோதித்த ரொட்டிகளில் பல, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கூமரின் வரம்பைத் தாண்டியிருந்தன. பேக்கரிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். பக்கத்து ஸ்வீடனில் இதே ரொட்டியைப் 'பாரம்பரியப் பண்டம்' என்று வகைப்படுத்தி 50 மில்லிகிராம் வரை அனுமதித்திருக்கிறார்களே, நமக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி என்று கேட்டார்கள். மறு ஆண்டு டென்மார்க்கும் அதே வழிக்கு வந்தது.

ரொட்டி பிழைத்தது. ஆனால் அந்தச் சண்டைக்கு அடியில் வேறொரு கேள்வி கிடந்தது. ரொட்டிக்குள் இருந்தது எந்தப் பட்டை?

கூமரின் சில தாவரங்களில் இயல்பாகவே இருக்கும் வாசனைப் பொருள். அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பதம் பார்த்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், நாள்தோறும் அதற்குமேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். உலகச் சந்தையில் பட்டை என்று விலைபோவதில் பெரும்பகுதி இந்தோனேசியா, சீனா, வியட்நாமிலிருந்து வரும் கேசியா. அதில் கூமரின் கிலோவுக்குக் கிராம் கணக்கில் இருக்கும். ஒரு தேக்கரண்டித் தூளிலேயே அந்த 6 மில்லிகிராம் நிறைந்துவிடலாம். இலங்கைப் பட்டையிலோ கூமரின் மிகச் சொற்பம்.

இரண்டையும் பிரித்தறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கேசியா தடித்த ஒற்றைச் சுருள், ஒடித்தால் மரம்போல முறியும். நம்மூர் மளிகைக் கடையில் பிரியாணிக்குக் கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அதுதான். இலங்கைப் பட்டை காகிதம்போல மெலிந்த பல அடுக்குகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துச் செய்த சுருட்டு. விரலால் நசுக்கினாலே நொறுங்கும். ஈழத் தமிழில் அதற்குக் கறுவா என்று பெயர்.

அந்தச் சுருட்டு உருவாவதைப் பார்த்தால்தான் விலை புரியும். காலி, மாத்தறை மாவட்டங்களில் மழை பெய்து ஓய்ந்து, கொழுந்து சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும் நேரத்தில் கம்புகளை வெட்டுவார்கள். அப்போதுதான் பட்டை தண்டை விட்டு எளிதாகக் கழன்று வரும். மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு, பித்தளைக் கம்பியால் தண்டைத் தேய்தேய் என்று தேய்ப்பார்கள். பட்டைக்கும் மரத்துக்கும் உள்ள பிடி தளரும்வரை தேய்க்க வேண்டும். பிறகு குறுக்கே வளையமாக இரண்டு வெட்டு, நெடுக ஒரு கீறல். கத்தி முனையை உள்ளே விட்டு நெம்பினால் பட்டை முழுசாகக் கழன்று வரும். சற்றே உலர்ந்ததும் ஒன்றோடொன்று பொருத்தி, உள்ளே துணுக்குகளை அடைத்து, 42 அங்குல நீளத்துக்கு உருட்டி, கூரைக்கடியில் கட்டிய கயிறுகளில் நிழலில் காயப்போடுவார்கள். வெயில் ஆகாது. குறுக்களவு 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அது 'ஆல்பா', உச்ச ரகம். அதை உருட்டுவது விரல்களின் கலை.

சிக்கலும் இதே முறைக்குள்ளேயே இருக்கிறது. மழையை ஒட்டி வெட்டுவதால் ஈரம் போகாது, பூஞ்சை பிடிக்கும். தரையில் உட்கார்ந்து உரிப்பதால் மண்ணும் தூசும் ஒட்டும். இதற்கெல்லாம் பழைய கைவைத்தியம் கந்தகம். அறையைச் சாத்தி உள்ளே கந்தகத்தைக் கொளுத்திப் புகை போட்டால் பூச்சியும் பூஞ்சையும் போகும், பட்டையும் பொன்னிறமாகப் பளிச்சிடும். வாங்குகிறவர்களும் அந்த நிறத்தைத்தான் கேட்டார்கள். 2000-களின் நடுவில் ஐரோப்பா இதில் குறுக்கிட்டது. அதன் சேர்மானப் பட்டியலில் பட்டைக்குக் கந்தக டை ஆக்சைடு அனுமதி இல்லை. நூற்றாண்டுகளாகப் போய்க்கொண்டிருந்த சரக்கு துறைமுகத்தில் நிற்கும் நிலை வந்தது. இலங்கை, பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வரை போய்ப் பேசிய பிறகு கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்ற வரம்பு கிடைத்தது. அதே எண் பின்னர் ஐரோப்பியச் சட்டத்திலும் ஏறியது. இயற்கை வேளாண் முத்திரை வேண்டுமென்றால் கந்தகப் புகைக்கே இடமில்லை.

ஏற்றுமதி செய்யும் ஏழை நாடுகளுக்குத் தரப்படும் 'உதவி' என்ற சொல்லுக்கு இங்கேதான் உள்ளடக்கம் வருகிறது. தூதுக்குழு, மாநாடு, கைகுலுக்கல் படம் எல்லாம் ஒரு பக்கம். கறுவாவுக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒழுகாத கூரை, கழுவக்கூடிய மேசை, துருப்பிடிக்காத கத்தி, ஈரப்பதம் அளக்கும் கருவி. உலக வர்த்தக அமைப்பின் கீழ் இயங்கும் தர மேம்பாட்டு நிதியும், ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பும், இலங்கை மசாலாத் துறையினரும் 2012 முதல் சேர்ந்து நடத்திய திட்டம் இந்த அலுப்பூட்டும் பட்டியலைத்தான் கையில் எடுத்தது. காலி மாவட்டத்துக் கொஸ்கொடையில் கறுவாப் பயிற்சிக்கூடம் எழுந்தது. அங்கே உரிப்பவர் தரையில் உட்காருவதில்லை, மேசைமுன் அமர்கிறார். பரம்பரைத் தொழிலுக்கு முதல்முறையாகச் சான்றிதழ் தருகிறார்கள். கந்தகம் செய்துவந்த வேலையைச் சுத்தமும் முறையான உலர்த்தலும் செய்யும் என்பதுதான் பாடத்தின் சாரம்.

ஐரோப்பாவின் பக்கமிருந்து இதே வேலையைச் செய்யும் நிறுவனங்களில் மூத்த ஒன்று நெதர்லாந்தில் இருக்கிறது. வளரும் நாடுகளிலிருந்து இறக்குமதியை ஊக்குவிக்கும் மையம், 1971-ல் தொடங்கியது. சுருக்கப் பெயர் சி.பி.ஐ. நம் வாசகர்கள் ரெய்டை நினைத்துப் பயப்பட வேண்டாம், இந்த சி.பி.ஐ. கதவைத் தட்டுவது ஏற்றுமதி சொல்லிக்கொடுக்க. செலவு டச்சு வெளியுறவு அமைச்சகத்துடையது. தேர்ந்தெடுத்த சிறு நிறுவனங்களுக்குச் சில ஆண்டுகள் கூடவே நின்று பயிற்சி கொடுப்பதும், நியூரம்பர்க், கொலோன் போன்ற ஊர்களின் கண்காட்சிகளுக்குத் தயார்படுத்துவதும் அதன் வழக்கம். எந்தச் சரக்கை எந்த நாடு வாங்குகிறது, என்னென்ன சோதனை கேட்கிறது என்ற சந்தை ஆய்வுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுகிறது. பட்டைக்கும் அப்படி ஒன்று உண்டு. பெரிய கம்பெனி ஆலோசகருக்குப் பணம் கொடுத்துப் பெறும் தகவல், சிறியவருக்கும் கையில் கிடைக்கிறது. இந்த வகை உதவிகளில் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் இதுவே என்று தோன்றுகிறது.

நெதர்லாந்து என்றதும் கறுவாக்காரர்களின் வரலாறு சும்மா இருக்காது. போர்த்துக்கீசியரை 1658-க்குள் இலங்கைக் கரையிலிருந்து விரட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1796 வரை பட்டை வணிகத்தைத் தன் இடுப்பில் முடிந்து வைத்திருந்தது. கம்பெனிக்குத் தெரியாமல் பட்டை விற்றால் மரண தண்டனை. தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளர் வழி என்று தங்கள் மரபைச் சொல்லும் சலாகம சமூகத்தார்மீது உரிக்கும் வேலை கட்டாயச் சேவையாகச் சுமத்தப்பட்டது. விலை சரியக்கூடாது என்பதற்காக 1760-ல் ஆம்ஸ்டர்டாமில் பட்டையை மலையாகக் குவித்து எரித்தார்கள் என்றும் குறிப்பு இருக்கிறது. கொழும்பில் அவர்கள் தோட்டம் போட்ட இடம் இன்றும் கறுவாத்தோட்டம்தான். கறுவா மட்டும் இல்லை, பங்களாக்களும் தூதரகங்களும் இருக்கின்றன.

கந்தகத்தில் அடித்த அதே ஐரோப்பியச் சட்டப் புத்தகம், கூமரினில் இலங்கையை அணைத்துக்கொண்டது. வரம்பு இறுகினால் கேசியாவுக்குத்தான் சங்கடம், கறுவாவுக்கு அது விளம்பரம். 2022 பிப்ரவரியில் 'சிலோன் சினமன்' ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றது. இலங்கைக்கு அதுவே முதல் ஐரோப்பியக் குறியீடு. இனி வேறு நாட்டுப் பட்டையை அந்தப் பெயரில் அங்கே விற்க முடியாது. ஆனால் பெயரைப் போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவரும் விதிக்குறிப்புப்படி செய்ததாகக் காட்ட வேண்டும். எந்தத் தோட்டம், யார் உரித்தது, எங்கே உலர்ந்தது என்று பதிவேடு வேண்டும்.

பதிவேடு வெறும் சடங்கல்ல என்பதற்கு அண்மையில் ஓர் உதாரணம் வந்தது. 2023-ல் அமெரிக்காவில் குழந்தைகள் சாப்பிட்ட ஆப்பிள் கூழில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. பட்டைத்தூளில் கலந்திருந்த ஈயம் அது. பட்டை போனது இலங்கையிலிருந்து, தூளாக்கியது ஈக்வடாரில். சோதித்தபோது, அரைக்காத சுருட்டில் ஈயம் இல்லை. சுருட்டாகப் போகும்வரை சரக்கு தன் ஊரைத் தானே சொல்லும். தூளாகிவிட்டால் காகிதம்தான் சாட்சி. பட்டை வகை மசாலாக்களில் ஈயத்துக்கு ஐரோப்பா வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 2 மில்லிகிராம்.

இந்தக் காகிதங்களுக்கெல்லாம் பணம் யார் தருவது? ஆய்வுக் கட்டணம் கொள்கலன் நிறைய அனுப்புகிறவருக்கும் ஒன்றுதான், பத்து மூட்டை அனுப்புகிறவருக்கும் ஒன்றுதான். அதனால்தான் சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒரே இயற்கை வேளாண் சான்றிதழை வாங்கிப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஐரோப்பாவின் புதிய இயற்கை வேளாண் சட்டம் அங்கேயும் கோடு கிழித்திருக்கிறது. ஒரு குழுவில் 2,000 பேருக்குமேல் கூடாது. கண்காணிப்பு சரியாக நடக்க வேண்டும் என்ற நோக்கம் நியாயமானதே. ஆனால் ஐயாயிரம் பேர் கொண்ட ஒரு கூட்டுறவு மூன்றாக உடைய வேண்டும், மூன்று சான்றிதழ், மூன்று கட்டணம். ஒரு கையால் பயிற்சி கொடுத்து மறு கையால் பில் நீட்டுகிற வேலை இது. வாங்கும் கம்பெனிகள் 'நிலைத்தன்மை' பற்றி அழகாக அச்சடிக்கின்றன. அதற்கான செலவு கொள்முதல் விலையில் ஏறுகிறதா என்று கேட்டால் பேச்சு மாறுகிறது.

உரிப்பவரின் நிலைமை இன்னும் சிக்கல். பெரும்பாலும் அவருக்குத் தினக்கூலி இல்லை, உரித்த பட்டையின் மதிப்பில் ஒரு பங்கு. விலை ஏறினால் அவருக்கும் ஏறும், மழை தவறினால் அடுப்பும் அணையும். ஆல்பா உருட்டத் தெரிந்த விரல்கள் மூப்படைந்துகொண்டிருக்கின்றன. கொழும்பில் ஆட்டோ ஓட்டினால் இதைவிடக் கௌரவம் என்று நினைக்கும் பிள்ளைகளைப் பித்தளைக் கம்பியின் பக்கம் திருப்புவதுதான் கொஸ்கொடையில் மிகக் கடினமான பாடம்.

நல்லவேளை, பட்டை இன்னொரு பட்டியலில் இல்லை. 2023-ல் ஐரோப்பா கொண்டுவந்த காடழிப்புத் தடைச் சட்டம் காப்பி, கொக்கோ, ரப்பர் உள்ளிட்ட ஏழு சரக்குகளைக் குறிவைக்கிறது. 2020 இறுதிக்குப் பின் காடு அழித்த நிலத்தில் விளைந்ததல்ல என்பதற்கு, தோட்டம் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வரைபடப் புள்ளியோடு காட்ட வேண்டும். எத்தியோப்பிய மலைச் சரிவில், மர நிழலில் அரை ஏக்கர் காப்பி வைத்திருக்கும் குடும்பம் அந்தப் புள்ளியை எங்கே போய் வாங்கும்? அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)