சம்பளமும் இல்லை, அதிகாரமும் இல்லை: நியூயார்க்கின் முன்னாள் படைவீரர் வாரியம் எதற்கு?

நியூயார்க் நகரில் பதினோரு பேர் கொண்ட ஒரு வாரியம் இருக்கிறது. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்கள் போடும் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. நகரக் கருவூலத்திலிருந்து ஒரு டாலர் எடுத்துச் செலவிடவும் அவர்களால் முடியாது. இருந்தும், நகரின் அடிப்படைச் சட்டமான நகர சாசனத்திலேயே அதற்கு இடம் உண்டு. அதுதான் முன்னாள் படைவீரர் ஆலோசனை வாரியம். ஆலோசனை சொல்வதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாத ஓர் அமைப்பைச் சட்டத்தில் எழுதி வைக்க வேண்டிய தேவை என்ன?

நகரத்துக்கு இதில் என்ன வேலை?

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலன் பெரும்பாலும் மத்திய அரசின் பொறுப்பு. போர்க்காயத்துக்கான இழப்பீடு, தனி மருத்துவமனைகள், 1944-இல் வந்த ‘ஜி.ஐ. பில்’ சட்டம் தொடங்கிவைத்த படிப்பு உதவி, வீட்டுக்கடன் உத்தரவாதம் ஆகிய எல்லாம் வாஷிங்டன் வழியாகவே வருகின்றன.

ஆனால் படையிலிருந்து திரும்பியவர் அன்றாடம் ஏறி இறங்குவது உள்ளூர் அலுவலகங்களில்தான். வாடகை வீடு கிடைக்காவிட்டால் தங்கும் விடுதியை நடத்துவது நகர நிர்வாகம். அரசு வேலைக்கான தேர்வில் முன்னாள் படைவீரருக்கு 5 மதிப்பெண், பணியில் ஊனமுற்றவருக்கு 10 மதிப்பெண் கூடுதலாகத் தருவது மாநிலத்தின் அரசியல் சட்டம். அந்தத் தேர்வை நடத்தி ஆள் எடுப்பது நகரம். போர் அனுபவத்தின் பாதிப்பால் குற்ற வழக்கில் சிக்கியவர்களைச் சிறைக்கு அனுப்புவதற்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பும் தனி நீதிமன்றம் 2008-இல் இதே மாநிலத்தின் பஃபலோ நகரில் தொடங்கியது. அடுத்த ஆண்டே புரூக்ளினிலும் அப்படி ஒன்று வந்தது.

தெருவோர வியாபாரத்தின் கதை இன்னும் சுவையானது. உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்கள் பிழைக்க வழி வேண்டுமென்று, ஊனமுற்ற முன்னாள் படைவீரர்கள் தெருவில் பொருள் விற்கலாம் என 1894-இல் நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றியது. நகர நிர்வாகம் 1979-இல் தெரு வியாபார உரிமங்களுக்கு 853 என்று உச்சவரம்பு வைத்தபோதும், முன்னாள் படைவீரர்கள் அதற்குள் அடங்கவில்லை. உரிமம் அவர்கள் கைக்கு எளிதில் வரும். தள்ளுவண்டியை எந்தத் தெருவில், எந்தப் பூங்கா வாசலில் நிறுத்தலாம் என்பதுதான் தீராத வழக்கு. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் முன்னால் நிற்கும் வண்டிகளைச் சுற்றி எழுந்த சச்சரவுகளுக்கு வேர் இங்கேதான். மாநிலம் உரிமை தந்தது, நகரம் ஒழுங்குமுறை விதித்தது. நடுவில் நிற்பவர் வண்டிக்காரர். இப்படி இரண்டு அரசுகளுக்கு இடையில் விழும் குறைகளைக் கேட்க ஓர் இடம் தேவைப்பட்டது.

அலுவலகம் வந்தது, பிறகு துறை வந்தது

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களை அமெரிக்க நகரங்கள் கொண்டாடவில்லை. சைகோன் வீழ்ந்து பத்தாண்டுகள் கழித்து, 1985 மே 7 அன்று, சுமார் 25,000 முன்னாள் வீரர்கள் மன்ஹாட்டன் தெருக்களில் அணிவகுத்தார்கள். போர்முனையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடித வரிகள் பொறித்த கண்ணாடிச் சுவர் நினைவிடமும் அதே நேரத்தில் திறக்கப்பட்டது. அப்போது மேயராக இருந்த எட் காச், தாமே இரண்டாம் உலகப் போரில் காலாட்படையில் இருந்தவர். 1987-இல் மேயர் அலுவலகத்தின் ஒரு பிரிவாக முன்னாள் படைவீரர் அலுவலகம் அமைந்தது.

பெயரளவில் அலுவலகம் என்றாலும் அதில் இருந்த ஊழியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பிறகு சுமார் இரண்டு லட்சம் முன்னாள் படைவீரர்கள் வாழும் நகரமாகக் கணக்கிடப்பட்ட நியூயார்க்குக்கு அது போதவில்லை. தனித் துறை வேண்டும் என்று அவர்களின் அமைப்புகள் நகர மன்றப் படிக்கட்டுகளில் கூடி முழங்கின. மேயர் பில் டி பிளாசியோ முதலில் இசையவில்லை. நகர மன்றத்தின் முன்னாள் படைவீரர் குழுவுக்குத் தலைமை வகித்த எரிக் உல்ரிச் கொண்டுவந்த மசோதாவுக்கு ஆதரவு பெருகியது. மேயர் நிலையை மாற்றிக்கொண்டு 2015 டிசம்பரில் கையெழுத்திட்டார். ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஜெனரலும் மனநல மருத்துவருமான லோரி சட்டன் முதல் ஆணையர் ஆனார்.

இந்த வெற்றியை வாரியத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாகாது. ஆனால் பல ஆண்டுகள் விடாமல் ஒரே கோரிக்கையைப் பொது மேடையில் பதிவு செய்தால் மேயரின் மனமும் மாறலாம் என்பதை அது காட்டியது.

சாசனம் என்ன சொல்கிறது?

பதினோரு உறுப்பினர்களில் ஆறு பேரை மேயரும் ஐந்து பேரை நகர மன்ற சபாநாயகரும் நியமிக்கிறார்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டு. பெரும்பான்மையினர் முன்னாள் படைவீரர்களாக இருக்க வேண்டும். மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட் என்ற ஐந்து பெரும்பிரிவுகளுக்கும் இடம் தர வேண்டும். ஆணையருக்கு ஆலோசனை சொல்வதும், நடவடிக்கைகளைப் பதிவு செய்வதும், ஆண்டுதோறும் மேயருக்கும் நகர மன்றத்துக்கும் அறிக்கை தருவதும் வாரியத்தின் கடமைகள்.

நியமனத்தை இரண்டாகப் பிரித்ததில் ஒரு தந்திரம் இருக்கிறது. எல்லாரும் மேயர் ஆட்களாக இருந்தால் ஆணையரைக் குறை சொல்ல நாக்கு எழாது. கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேறொருவரால் வந்தவர்கள் என்பதால் கேள்வி கேட்கும் துணிவு கொஞ்சமாவது மிஞ்சும்.

இன்னொரு முக்கிய விதி: ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு பெரும்பிரிவிலும் பொதுக் கூட்டம் நடத்த வேண்டும். முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், யாரும் வரலாம்.

ஏன் ஐந்து இடம் போக வேண்டும்?

மன்ஹாட்டன், புரூக்ளின், பிராங்க்ஸ் மூன்றிலும் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் உண்டு. ஸ்டேட்டன் ஐலண்டில் இருப்பது வெளிநோயாளர் சிகிச்சை மையம் மட்டுமே. அங்கே வாழும் எழுபது வயதைக் கடந்த வியட்நாம் வீரர் அறுவை சிகிச்சைக்குப் பாலம் கடந்து புரூக்ளினுக்குப் போக வேண்டும். 2012-இல் சாண்டி புயல் வெள்ளத்தால் மன்ஹாட்டன் மருத்துவமனை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. 2022 மார்ச்சில் மத்திய அரசின் மறுசீரமைப்புப் பரிந்துரையில் புரூக்ளின் மருத்துவமனையே மூடும் பட்டியலில் இருந்தது. சில மாதங்களில் செனட் உறுப்பினர்கள் முட்டுக்கட்டை போட, அந்தத் திட்டம் நின்றது. மத்திய அரசின் மருத்துவமனையை மூடுவதிலோ திறப்பதிலோ நகர வாரியத்துக்குச் சொல்லே இல்லை. ஆனால் மூடினால் யார் எத்தனை பேருந்து மாற வேண்டியிருக்கும் என்று அறிந்துகொள்ள மேயர் அலுவலக மேசை உதவாது. அந்த ஊரில் கூட்டம் போட்டால்தான் தெரியும்.

கூட்டத்துக்கு வருபவர்களில் பெரிய சிக்கலோடு வருகிறவர்கள், படையிலிருந்து கௌரவக் குறைவோடு வெளியேற்றப்பட்டவர்கள். விடுவிப்புச் சான்றிதழில் உள்ள ஒரு வரியைப் பொறுத்தே உதவிகள் பலவும் கிடைக்கும் அல்லது மறுக்கப்படும். போரின் மன அதிர்ச்சியை ஒரு நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் சேர்த்ததே 1980-இல்தான். அதற்கு முன் அந்த நோயால் ஒழுங்கு தவறியவர்கள் வெறும் ஒழுங்கீனர்களாகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தன்பால் ஈர்ப்பைக் காரணம் காட்டியும் பலர் நீக்கப்பட்டார்கள். இத்தகையோருக்கு மாநில உதவிகளை மீட்டுத் தரும் சட்டத்தை நியூயார்க் மாநிலம் 2019-இல் இயற்றியது. சட்டம் வந்துவிட்டது என்பதே தெரியாதவரிடம் அதைக் கொண்டு சேர்க்க, அதே பாதையில் நடந்த ஒருவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. தன்னார்வலர் வாரியத்தின் நடைமுறைப் பயன் இதில்தான் அதிகம்.

எங்கே பலவீனம்?

சம்பளமில்லாத பதவிக்கு நேரம் ஒதுக்க ஓய்வுபெற்றவரால் முடியும்; இரண்டு வேலை பார்க்கும் முப்பது வயதுத் தாய்க்கு, அவரும் இராக் போயிருந்தாலும், கடினம். அதனால் வாரியம் வயதானவர்களின் குரலாகச் சுருங்கிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. காலியிடத்தை நிரப்ப மேயரோ சபாநாயகரோ தாமதித்தால், பதினோரு நாற்காலி என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும்.

பணத்தின் அளவும் கவனிக்க வேண்டியது. நகரின் ஆண்டு பட்ஜெட் இப்போது 10,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. தொடங்கிய ஆண்டுகளில் முன்னாள் படைவீரர் துறைக்குக் கிடைத்ததோ ஒரு கோடி டாலருக்கும் குறைவு. சொல்லப்படும் ஆலோசனைகள் எத்தனை நல்லவையாக இருந்தாலும், அவற்றைச் செய்து முடிக்கக் கையில் உள்ளது அவ்வளவுதான்.

ஆகவே இந்த வாரியத்தை மதிப்பிட, எத்தனை கூட்டம் நடந்தது என்று எண்ணிப் பயனில்லை. அதன் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்து, போன ஆண்டு கேட்டவற்றில் எவற்றுக்குத் துறை பதில் சொன்னது, எவை இந்த ஆண்டும் அப்படியே திரும்ப அச்சாகியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அறிக்கை பொது ஆவணம் என்பதால் வாரியத்துக்கு வெளியே இருக்கும் எவரும், ஒரு நிருபரோ நகர மன்ற உறுப்பினரோ, இந்தக் கணக்கைப் போடலாம். ஆலோசனைக்குச் சட்டம் தராத பலத்தை அப்படிக் கணக்குப் பார்க்கிறவர்கள்தான் தர முடியும்.