காற்றை வெறுக்கும் உயிர்கள்

நீரில் வாழும் மீனுக்கும் நிலத்தில் வாழும் நமக்கும் உயிர்வாழ வேண்டியது ஒட்சிசன். மீன் அதனை நீரிலிருந்து பெறுகின்றது. நாம் காற்றிலிருந்து பெறுகின்றோம். ஒட்சிசனின்றி உயிரில்லை என்றே அறிஞரும் நெடுங்காலம் கருதிவந்தனர்.

1861 ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர் லூயி பாச்சர் இக்கருத்தை மாற்றினார். நொதித்துக்கொண்டிருந்த திரவமொன்றின் துளியை மெல்லிய கண்ணாடித் தகட்டின்கீழ் வைத்து நுணுக்குக்காட்டியால் நோக்கினார். துளியின் நடுவே பற்றீரியாக்கள் விரைந்து இயங்கின. காற்றுப்படும் விளிம்பை அடைந்தவையோ அசைவற்றுக் கிடந்தன. நமக்கு உயிர்தரும் காற்று அவற்றுக்கு நஞ்சாயிற்று!

இதற்குக் காரணம் யாது? ஒட்சிசனைக் கொண்டு உணவைச் சிதைத்தால் மிகுந்த சத்தி கிடைக்கும். ஆயினும், அப்போது ஐதரசன் பரவொட்சைட்டு முதலிய கேடுதரும் பொருள்களும் தோன்றுகின்றன. நம் உடற்கலங்களிலும் காசநோய்ப் பற்றீரியாவிலும் அவற்றை அழிக்கும் நொதியங்கள் உள. காற்றை வெறுக்கும் பற்றீரியாக்கள் பலவற்றில் அவை இல்லை. இருப்பினும் போதிய அளவில் இல்லை. அவற்றுட் பல, நொதித்தலாற் கிடைக்கும் சிறிதளவு சத்தியைக் கொண்டே வாழ்கின்றன. நமது குடலில் வாழும் சில பற்றீரியாக்கள் இருவகையாகவும் வாழ வல்லன.

நேயர்களே, இவ்வறிவு உயிர்காக்கும் அறிவுமாகும். ஏற்புவலியை உண்டாக்கும் பற்றீரியாவும் காற்றை வெறுப்பதே. 1889 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் கித்தசாத்தோ, காற்றை நீக்கி ஐதரசன் வாயுவை நிரப்பிய கலத்தில் அதனைத் தனியாக வளர்த்துக் காட்டினார். மண்ணிலும் சாணத்திலும் அது வித்தி வடிவில் உறங்கிக்கிடக்கின்றது. வித்தியை ஒட்சிசன் கொல்வதில்லை. ஆணியோ முள்ளோ ஆழக் குத்தும்போது வித்தி தசைக்குட் புகுந்து, காற்றெட்டாத அவ்விடத்தில் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றது. நஞ்சு நரம்புகளைத் தாக்க, தாடை இறுகும், முதுகு வில்லென வளையும், மூச்சும் தடைப்படும்.

வாயகன்ற வெட்டுக்காயத்தைக் கண்டு அஞ்சுகின்ற நாம், குருதி அதிகம் வராத குத்துக்காயத்தை மறந்துவிடுகின்றோம். மேற்றோல் விரைவில் மூடிக்கொள்ளும் அக்காயமே இக்கிருமிக்கு ஏற்ற இல்லம். ஆதலின், அதனை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவுங்கள். சாணம், மண், சாம்பல் எதனையும் அப்பாதீர்கள். தாமதியாது மருத்துவரிடம் சென்று, இறுதியாக ஏற்புவலித் தடுப்பூசி பெற்ற காலத்தைக் கூறுங்கள். மீண்டும் ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவுசெய்வார். நோய் வந்தபின் போராடுவதிலும் வருமுன் காத்தல் எளிது.