தளம் உங்கள் மொழியை எப்படி அறிகிறது?

பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் பிரெஞ்சு, டச்சு இரண்டுமே ஆட்சிமொழிகள். அங்கே ஒருவர் இணையதளம் ஒன்றைத் திறந்தால் அது எந்த மொழியில் விரிய வேண்டும்? அவர் இருக்கும் ஊர் இதற்கு விடை சொல்லாது. தளம் வேறு தடயங்களைத்தான் தேட வேண்டும்.

முதல் தடயம் பக்கத்தின் முகவரி. விக்கிப்பீடியாவில் டச்சுக்கு ஒரு துணை முகவரி, பிரெஞ்சுக்கு இன்னொன்று. நண்பர் அனுப்பிய பிரெஞ்சு இணைப்பைத் தொட்டால் பிரெஞ்சுப் பக்கமே திறக்க வேண்டும். ஆகவே முகவரிக்கே முதலிடம்.

அடுத்தது, பயனரே முன்பு தேர்ந்தெடுத்த மொழி. அதை நினைவில் வைப்பது, தளம் பிரவுசரில் சேமிக்கும் சிறு குறிப்பான குக்கி. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுலி உருவாக்கிய நுட்பம் இது.

மூன்றாவது, பிரவுசர் தரும் தகவல். பக்கத்தைக் கேட்கும்போது ‘அக்செப்ட்-லாங்குவேஜ்’ என்ற வரியையும் அது அனுப்புகிறது. பயனர் விரும்பும் மொழிகள், 0 முதல் 1 வரையிலான எடையுடன் அதில் இருக்கும். டச்சுக்கு 1, பிரெஞ்சுக்கு 0.8 என்றால், டச்சுப் பக்கம் இல்லாதபோது பிரெஞ்சுப் பக்கம் வரும். தேடலுக்காகப் பக்கங்களைத் திரட்டும் கூகுளின் நிரலோ பொதுவாக இந்த வரியை அனுப்புவதில்லை. ஆகவே எல்லா மொழிகளையும் ஒரே முகவரியில் அடைத்துவைத்தால், தேடலில் பெரும்பாலும் ஒரு மொழிதான் தென்படும்.

இவை எதுவும் கைகொடுக்காதபோது வருவது இயல்புநிலை மொழி. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். ஒரு நிறுவனத்துக்கு நெதர்லாந்தில் ஒரு டொமைன், பிரான்சில் ஒன்று, பெல்ஜியத்தில் ஒன்று. பின்னால் இயங்குவதோ ஒரே மென்பொருள். இயல்புநிலை மொழி ஒரே இடத்தில் பதிவாகியிருந்தால், பிரான்ஸ் தளத்துக்காகச் செய்த மாற்றம் நெதர்லாந்துத் தளத்தையும் பிரெஞ்சுக்கு மாற்றிவிடும். ஒவ்வொரு டொமைனுக்கும் தனிப்பதிவு இருப்பதே இதற்குத் தீர்வு.

இன்னொரு சிக்கல்: ஒரு டொமைன் வைத்த குக்கியை வேறொரு டொமைன் படிக்க முடியாது. நெதர்லாந்துத் தளத்தில் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தவர் பெல்ஜியத் தளத்துக்குப் போனதும் அந்தத் தேர்வு மறைந்துவிடும். தளங்களுக்கு இடையிலான இணைப்பிலேயே மொழிக் குறியீட்டைச் சேர்த்தனுப்பினால் அவர் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

வாசகர் தேர்ந்தெடுத்த மொழியைக் காப்பது அவருக்குத் தரும் மரியாதை. நம் பங்குக்கும் ஒன்று செய்யலாம்: பிரவுசர் அமைப்புகளில் மொழிப் பட்டியலைத் திறந்து தமிழை முதலிடத்தில் வைப்போம். நாம் கேட்காதவரை, தமிழ்ப் பக்கம் வைத்திருக்கும் தளம்கூட அதைத் தானாகக் காட்டாமல் போகலாம்.