ஜெட் வேண்டாம், காற்றாடி விமானம் போதும்! நைஜீரியா ‘சூப்பர் டுகானோ’வைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

2017 ஜனவரி 17. நைஜீரியாவின் வடகிழக்கு மூலையில், கேமரூன் எல்லையை ஒட்டிய ரன் என்ற ஊர். போகோ ஹராம் தீவிரவாதிகளுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே முகாமில் தங்கியிருந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தினர் உணவு கொடுக்க வந்திருந்தார்கள். திடீரென வந்த ஒரு விமானம் குண்டு போட்டது. சில நிமிடங்களில் திரும்பி வந்து மறுபடியும் போட்டது.

அது நைஜீரிய விமானப்படையின் சொந்த விமானம். சுமார் 90 பேர் இறந்ததாகச் சொன்னது ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு. 200-ஐத் தாண்டும் என்றார்கள் உள்ளூர்க்காரர்கள். செஞ்சிலுவைச் சங்க ஊழியர்கள் 6 பேரும் அதில் அடக்கம்.

அந்த நேரத்தில் நைஜீரியா அமெரிக்காவிடம் 12 ‘சூப்பர் டுகானோ’ விமானங்கள் கேட்டிருந்தது. ரன் சம்பவத்தைத் தொடர்ந்து ஒபாமா அரசு அந்த விற்பனையை நிறுத்திவைத்தது. பிறகு வந்த ட்ரம்ப் அரசு, அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அனுமதித்தது. மதிப்பீடு 593 மில்லியன் டாலர்!

இவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் விமானத்தின் மூக்கில் காற்றாடி சுற்றும். பார்த்தால் பழைய உலகப்போர் படம்தான் ஞாபகம் வரும். அதிகபட்ச வேகமே மணிக்கு சுமார் 590 கி.மீ. எஃப்-16 போன்ற ஜெட் விமானங்கள் இதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் பறக்கும்.

ஆனால், போகோ ஹராமிடம் விமானப்படை கிடையாது. வானத்தில் யாரையும் துரத்த வேண்டியதில்லை. பைக்கிலும் பிக்அப் வண்டியிலும் வந்து தாக்கிவிட்டு, சாம்பிசா காட்டுக்குள் மறைகிறவர்களைத்தான் தேட வேண்டும். கிராமத்து ஜனங்களும் அதே பைக்கில்தான் போகிறார்கள். பின்னால் கட்டியிருப்பது துப்பாக்கியா, விறகா என்று பார்க்க நேரம் வேண்டும். ஜெட்டுக்குக் கிடைப்பது சில நொடிகள்.

சூப்பர் டுகானோ அங்கேயே வட்டமடிக்கும். கூடுதல் எரிபொருள் தொட்டி மாட்டினால் எட்டு மணி நேரம் வரைகூட! இரவிலும் பார்க்கும் கேமரா, இறக்கையில் இரண்டு மெஷின் கன், லேசர் காட்டும் இடத்தில் விழும் குண்டுகள், கரடுமுரடான ஓடுபாதையிலும் இறங்கும் சக்கரங்கள். ஜெட்டோடு ஒப்பிட்டால் பறக்கவைக்கும் செலவும் ரொம்பக் குறைவு. அமேசான் காடுகளைக் கண்காணிக்கும் வேலையை மனதில் வைத்து பிரேசிலின் எம்ப்ரேயர் நிறுவனம் உருவாக்கியது என்பதால், காட்டு வேலை இதற்குப் புதிதல்ல.

குறை இல்லாமல் இல்லை. எதிரி கையில் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை இருந்தால், மெதுவாகப் பறப்பதே ஆபத்து. அதற்காக ஜெட் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. 2021 ஜூலை 18 அன்று நைஜீரியாவின் ஆல்ஃபா ஜெட் ஒன்றை, வடமேற்கில் கொள்ளைக் கும்பல் துப்பாக்கியாலேயே சுட்டு வீழ்த்தியது. வெளியே குதித்த விமானி உயிரோடு ராணுவத்திடம் வந்து சேர்ந்தார். நான்கே நாளில் முதல் 6 சூப்பர் டுகானோக்கள் கானோ நகரில் வந்து இறங்கின.

விமானத்தோடு இன்னொன்றும் வாங்கினார்கள், பயிற்சி. நைஜீரிய விமானிகள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் பறக்கப் பழகினார்கள். போர்ச் சட்டங்களும், பொதுமக்களைத் தவிர்த்துத் தாக்குவதும் அந்த ஒப்பந்தத்திலேயே பாடமாக இருந்தன. உண்மையில் விமானத்தைவிட இதுதான் முக்கியம். ரன் தாக்குதலை விசாரித்த ராணுவத் தரப்பு சொன்ன காரணமே, அந்த இடம் வரைபடத்தில் முகாம் என்று சரியாகக் குறிக்கப்படவில்லை என்பதுதான்.

2023 டிசம்பர் 3 இரவு, கடுனா மாநிலத்தின் துடுன் பிரி கிராமத்தில் மீலாது விழாவுக்காக மக்கள் கூடியிருந்தார்கள். மேலே நைஜீரிய ராணுவத்தின் ட்ரோன். நின்று நிதானமாகப் பார்ப்பதில் ட்ரோனை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கூட்டத்தைத்தான் கொள்ளைக் கும்பல் என்று நினைத்துக் குண்டு போட்டார்கள். குறைந்தது 85 பேர் இறந்தார்கள். ராணுவத் தளபதி அந்தக் கிராமத்துக்கே போய் மன்னிப்பு கேட்டார்.