பிரதேச ஒப்பீடும் புள்ளிவிபர மதிப்பீடும்: இலங்கையின் மரணவீத வீழ்ச்சி பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாட்டின் சராசரி அந்நாட்டின் எப்பகுதியையும் முழுமையாகக் காட்டுவதில்லை. எனவேதான் சமூக ஆய்வாளர் நாட்டைப் பல பகுதிகளாக வகுத்து, அவற்றின் தரவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காரணங்களைத் தேட முற்படுகின்றனர். இத்தகைய ஒப்பீடு எந்நிபந்தனைகளின் கீழ் நம்பத்தக்கதாகும் என்பதை, இலங்கையின் மரணவீத வீழ்ச்சி பற்றிய விவாதத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விவாதத்தின் பின்னணி

1946 இல் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 20 ஆகவிருந்த மரணவீதம் 1947 இல் ஏறக்குறைய 14 ஆக வீழ்ந்தது. சிசு மரணவீதம் ஆயிரம் பிறப்புக்களுக்கு 141 இலிருந்து 101 ஆகக் குறைந்தது. மலேரியா நுளம்பை ஒழிக்க டி.டி.ரி. தெளிக்கும் பணி விரிவடைந்ததும் இக்காலத்திலேயாகும். ஆகவே, வீழ்ச்சி முழுவதும் இம்மருந்தின் விளைவே எனப் பலர் கொண்டனர். ஆயின், போர்க்காலத்தில் தொடங்கிய உணவுப் பங்கீடு, 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, வைத்திய சேவையின் விரிவு ஆகியனவும் இக்காலத்துக்கே உரியன.

இது வெறும் கணக்கு வேறுபாடன்று. மருந்துத் தெளிப்பு ஒன்றே போதுமெனின், வறிய நாடுகள் மக்கள் நலனுக்குச் செய்யும் செலவு அவசியமற்றது என்னும் வாதம் வலுப்பெறும்.

ஒப்பீட்டு முறை

மலேரியா நீடித்திருக்கும் இடங்களில் சிறுவரின் மண்ணீரல் வீங்கியிருக்கும். இவ்வீக்கமுடைய சிறுவரின் விகிதம் உலர் வலய மாவட்டங்களில் உயர்ந்தும் ஈர வலயத்தில் தாழ்ந்தும் காணப்பட்டது. பீற்றர் நியூமன் மாவட்டந்தோறும் இவ்விகிதத்தையும் மரணவீத வீழ்ச்சியையும் தொடர்புபடுத்தினார். மண்ணீரல் வீக்கமே இல்லாத மாவட்டமொன்றில் வீழ்ச்சி எவ்வளவாக இருந்திருக்கும் எனக் கணித்து, எஞ்சியதை மலேரியா ஒழிப்பின் பங்காகக் கொண்டார். போருக்குப் பிந்திய வீழ்ச்சியில் அப்பங்கு ஏறக்குறைய 42 வீதம் என்பது அவரது மதிப்பீடு. 1974 இல் ஆர். எச். கிரே அதனை ஏறக்குறைய 23 வீதமென மதிப்பிட்டார். ஹரால்ட் பிரெடெரிக்சன், எஸ். ஏ. மீகம ஆகியோரும் மலேரியா ஒழிப்புக்கு அளிக்கப்பட்ட முதன்மையைக் கேள்விக்குட்படுத்தினர்.

ஒரே நாட்டின் தரவுகளிலிருந்து இத்துணை வேறுபட்ட முடிவுகள் பிறப்பதேன்? மலேரியா மிகுந்த மாவட்டங்களிலேயே வைத்திய வசதிகளும் அக்காலத்தில் விரிவடைந்திருப்பின், இரண்டின் பயனும் ஒன்றாகவே வெளிப்படும். ஒன்றை மாத்திரம் கணக்கிற் சேர்ப்பவர் மற்றையதன் பயனையும் அதற்கே உரியதாக்கிவிடுவார்.

ஒப்பிடுமுன் கவனிக்கவேண்டியவை

முதலாவது, வயதமைப்பு. இரு மாவட்டங்களிலும் ஐம்பது வயதுக்குட்பட்டோரில் ஆயிரத்துக்கு 5 பேரும், அதற்கு மேற்பட்டோரில் 40 பேரும் ஆண்டுதோறும் இறப்பதாகக் கொள்வோம். முதியோர் பத்து வீதமாயின் மொத்த மரணவீதம் 8.5, இருபது வீதமாயின் 12. நோயின் கடுமையில் வேறுபாடு சிறிதுமில்லை. இளங்குடும்பங்கள் சென்று குடியேறிய உலர் வலயத் திட்டப் பகுதிகளைப் பழைய ஊர்களோடு ஒப்பிடுவோர் இதனை மறத்தலாகாது.

இரண்டாவது, எண்ணிக்கையின் சிறுமை. 1946 இல் வவுனியா மாவட்டத்தின் சனத்தொகை ஏறக்குறைய 23,000. ஆயிரத்துக்கு 20 என்னும் வீதப்படி அங்கு ஆண்டுக்கு 460 மரணங்கள் நிகழும். தற்செயல் காரணமாகவே இத்தொகை நாற்பது வரை கூடலாம் அல்லது குறையலாம். அதாவது வீதம் 18 க்கும் 22 க்கும் இடையில் ஊசலாடும். கொழும்பு போன்ற பெருமாவட்டத்தில் இவ்வூசலாட்டம் மிக அற்பமானது. இருவகை வீதங்களுக்கும் ஒரே நிறையளித்தல் தவறாகும்.

மூன்றாவது, பதிவிடம். வெளியூர் நோயாளர் பெருவைத்தியசாலையில் இறக்கும்போது, அம்மரணம் வைத்தியசாலை அமைந்த மாவட்டத்தின் கணக்கிற் சேர்ந்தால் அதன் வீதம் உயரும். நோயாளரின் சொந்த மாவட்டம் நலமுடையதாகத் தோன்றும்.

நான்காவது, எல்லையும் குடிசன மதிப்பீடும். அம்பாறை 1961 இலும் கிளிநொச்சி 1984 இலும் தனி மாவட்டங்களாயின. ஆகவே ஒரே பெயர் எல்லா ஆண்டுகளிலும் ஒரே நிலப்பரப்பைக் குறிப்பதில்லை. 1981 இன் பின்னர் 2001 இல் நடந்த மதிப்பீடு 18 மாவட்டங்களிலேயே முழுமை பெற்றது. போரினால் விடுபட்ட வடக்கு, கிழக்குப் பகுதிகளின் இடைக்கால எண்கள் மதிப்பிடப்பட்டவையேயன்றி எண்ணப்பட்டவையல்ல. இருவகை எண்களையும் ஒரே அட்டவணையில் வேறுபாடு குறியாது தருவது வாசகரை வழிதவறச் செய்யும்.

மாவட்டத்தினுள் மறைவன

மாவட்டமும் ஒரு சராசரியே. குளிர்ந்த மலைநாடாகிய நுவரெலியாவில் மலேரியா பெரும் பிரச்சினையாக இருக்கவில்லை. எனினும் அம்மாவட்டத்திற் கிராமத்தவரும் தோட்டத் தொழிலாளரும் ஒரே நிலையில் வாழ்ந்தனரல்லர். 1974 ஆம் ஆண்டின் உணவு நெருக்கடியின்போது தோட்டப்பகுதி மரணங்கள் கூர்மையாக உயர்ந்தன. லயன் அறைகளில் வாழ்ந்து, கூலியையும் பங்கீட்டு உணவையுமே நம்பியிருந்த மக்களின் துயரத்தை மாவட்ட வீதம் தனித்துக் காட்டாது. மாவட்டங்களுக்கிடையே காணும் தொடர்பை அவற்றுள் வாழும் ஒவ்வொரு பிரிவினருக்கும் ஏற்றியுரைப்பது தருக்கப் பிழையாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பிரதேச ஒப்பீடு பயனற்றதென்பது பெறப்படாது. மலேரியா ஒழிப்பே முழுக் காரணமன்று என்பதை வெளிப்படுத்தியதும் மாவட்ட ஒப்பீடேயாகும். எம்மக்கள் எண்ணப்பட்டனர், மரணங்கள் எங்கே பதியப்பட்டன, வயதமைப்பு கணக்கிற் கொள்ளப்பட்டதா, வழுவின் எல்லை யாது ஆகிய நான்கையும் மதிப்பீட்டோடு சேர்த்து வெளியிடுவது ஆய்வாளரின் கடமை. எப்பகுதிக்கு வைத்தியசாலை, எப்பகுதிக்கு உணவு மானியம் என்பன இவ்வெண்களைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. ஆதலின் அவற்றை வினவியறிதல் வாசகரின் கடமையுமாகும்.