மூச்சுக்குள் ஒரு சொட்டு சோப்பு!

கல்யாண ரிசப்ஷனிலோ, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பர்த்டேயிலோ பலூன் ஊதும் உத்தியோகம் என்றைக்காவது ஒருநாள் உங்கள் தலையில் விழத்தான் போகிறது. "சும்மாதானுங்க நிக்கறீங்க, ரெண்டு ஊதிக் குடுங்க" என்பார்கள். ஊதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் ஊதலில் கன்னம் வீங்கும், கண் பிதுங்கும், பலூன் மட்டும் அசையாது. எலுமிச்சம்பழம் சைஸுக்கு வந்துவிட்டால் அப்புறம் சமர்த்தாக வழிக்கு வரும். பலூன் ஜாதியில் சின்னதுக்குத்தான் வீம்பு ஜாஸ்தி.

உங்கள் நெஞ்சுக்குள்ளும் பலூன்கள் உண்டு. ஒன்றிரண்டு இல்லை சார், சுமார் 48 கோடி! லிஃப்டில் மூன்று பேர் ஏறினால், இந்திய ஜனத்தொகையில் ஏறக்குறைய ஆளுக்கொரு பலூன் கொடுத்துவிடலாம். இவற்றுக்குக் காற்று நுண்ணறைகள் என்று பெயர். ஐந்தை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் தேறும். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஒரு பாட்மின்டன் கோர்ட் அளவுக்கு வரும். அந்தக் கோர்ட்டில்தான் ஆக்சிஜன் உள்ளே போய், கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது.

இங்கே ஒரு சிக்கல். இந்த அறைகளின் உள்சுவர் ஈரமானது. மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்று எப்போதும் அதில் இருக்கும். தண்ணீருக்கு ஒரு சுபாவம் உண்டு. தன் மேற்பரப்பை முடிந்தமட்டும் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். மழைத்துளி உருண்டையாக இருப்பதும், ஷேவிங் பிளேடை அலுங்காமல் தண்ணீர் மேல் படுக்க வைத்தால் மிதப்பதும் இதனால்தான். ப்ளஸ் ஒன் பிசிக்ஸில் 'பரப்பு இழுவிசை' என்று படித்திருப்பீர்கள். பி.காம். பக்கம் ஒதுங்கியதும் மறந்திருப்பீர்கள். நானும் உங்கள் கட்சிதான்.

நுண்ணறைக்குள் இருக்கும் ஈரமும் இப்படிச் சுருங்கத்தான் பார்க்கிறது. அதாவது, 48 கோடி பலூன்களும் ஒவ்வொரு கணமும் 'மூடிக்கொள்கிறேன்' என்று அடம் பிடிக்கின்றன. அறை எவ்வளவு சின்னதோ, அடம் அவ்வளவு பெரிது. ஆரம் பாதியானால் அழுத்தம் இரட்டிப்பு என்று சூத்திரம் போட்டுக் கொடுத்தவர் லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக்காரர். இரு நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அவர் கணக்குப்படி பார்த்தால், சின்ன அறையில் இருக்கும் காற்று பக்கத்துப் பெரிய அறைக்கு ஓடிவிட வேண்டும். சின்னக் கம்பெனியைப் பெரிய கம்பெனி விழுங்குகிறதே, அதே கதை. கடைசியில் பாதி நுரையீரல் ஷட்டரை இறக்கியிருக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் ஜம்மென்று மூச்சு விட்டுக்கொண்டே இதைப் படிக்கிறீர்கள். எப்படி?

தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கிறவரைக் கேளுங்கள். "கூட கொஞ்சம் சோப்புத் தண்ணி கலக்கோணுமுங்க. இல்லாட்டி எலையில நிக்காதுங்க, உருண்டு ஓடிருமுங்க" என்பார். திருப்பூர் சாயப்பட்டறையில் துணி சீக்கிரம் நனைவதற்காக 'வெட்டிங் ஏஜென்ட்' என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். இரண்டு இடத்திலும் வேலை ஒன்றுதான். தண்ணீரின் இழுப்பைக் குறைப்பது.

நுரையீரலும் இதே சரக்கைச் சொந்தமாகத் தயாரிக்கிறது. பெயர் சர்ஃபாக்டன்ட். பெரும்பாலும் கொழுப்பு, கொஞ்சம் புரதம். நுண்ணறைச் சுவரில் உள்ள சில செல்கள்தான் ஃபாக்டரி. கடைச் சோப்புக்கு இல்லாத ஒரு சாமர்த்தியம் இதற்கு உண்டு. மூச்சை வெளியே விடும்போது அறை சுருங்குகிறது அல்லவா, அப்போது இந்த மூலக்கூறுகள் சாயங்கால நேரத்துக் காந்திபுரம் டவுன் பஸ் மாதிரி நெருக்கியடித்து நின்றுகொண்டு, தண்ணீரின் இழுப்பைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துவிடுகின்றன. அறை சின்னதாக ஆக ஆக இழுப்பும் குறைவதால், மூடிக்கொள்ளும் ஆபத்து இல்லை. அடுத்த மூச்சு சுலபம்.

இதைக் கண்டுபிடித்த கதையும் வேடிக்கையானது. 1929-ல் ஃபான் நீர்கார்ட் என்ற டாக்டர், நுரையீரலைக் காற்றால் நிரப்புவதைவிடத் திரவத்தால் நிரப்புவது சுலபம் என்று காட்டினார். உள்ளே காற்றும் ஈரமும் சந்திக்கும் பரப்பு இல்லாவிட்டால் இழுப்பும் இல்லை. யாரும் கண்டுகொள்ளவில்லை. கால் நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தில் பேட்டில், அமெரிக்காவில் கிளெமென்ட்ஸ் என்று இரண்டு பேர் தனித்தனியே விஷயத்தைப் பிடித்தார்கள். இருவருமே வேலை பார்த்தது ராணுவத்தின் விஷவாயு ஆராய்ச்சியில்! மூச்சை நிறுத்தும் சமாச்சாரத்தைத் தேடிப் போன இடத்தில் மூச்சைக் காப்பாற்றும் சரக்கு அகப்பட்டது. 1959-ல் மேரி எலன் ஏவரி என்ற பெண் டாக்டர் கடைசி முடிச்சை அவிழ்த்தார். குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் இந்தச் சரக்கு போதுமான அளவு இல்லை.

இனிமேல்தான் சீரியஸ் சங்கதி.

தாயின் வயிற்றில் இந்த ஃபாக்டரி சுமார் 24-வது வாரத்தில்தான் திறக்கிறது. ஸ்டாக் போதுமான அளவுக்குச் சேர 34, 35 வாரம் ஆகிவிடும். அதற்கு முன்னால் அவசரப்பட்டு வெளியே வரும் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் புதுப் பலூனை முதல் தடவை ஊதுகிற மாதிரி. நமக்கு ஒரு பலூனிலேயே கண் பிதுங்கியது. அது நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல் ஊதுகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே இழுக்கும், முனகல் சத்தம் கேட்கும். சீக்கிரமே சோர்ந்து போகும்.

1963 ஆகஸ்ட் 7. அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்கூட்டியே பிறந்தவன். எடை சுமார் 2.1 கிலோ. இன்றைக்குக் கோவையில் ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் இந்த எடையைப் பார்த்து யாரும் மிரள மாட்டார்கள். அன்று போஸ்டனின் பெரிய டாக்டர்கள் அத்தனை பேரும் கூடி நின்றார்கள். 39 மணி நேரம்தான். குழந்தை போய்விட்டது. காரணம் நான்கு வருஷம் முன்னாலேயே தெரிந்துவிட்டது. வைத்தியம்தான் கைக்கு வரவில்லை. வெள்ளை மாளிகையின் செல்வாக்கால் வாங்க முடியாத பொருள் ஒரு சொட்டு நுரையீரல் சோப்பு!

வைத்தியத்துக்கு வழி காட்டியது நம்ம ஊர்ச் சந்தையில் நிற்கிற மாதிரி ஒரு செம்மறியாடு. நியூஸிலாந்தில் லிக்கின்ஸ் என்ற டாக்டர், பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று பார்க்கச் சினை ஆடுகளை வைத்து ஸ்டீராய்ட் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ரொம்ப முன்னதாகவே பிறந்த ஒரு குட்டி, கணக்குப்படி செத்திருக்க வேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. மருந்து நுரையீரல் ஃபாக்டரியைச் சீக்கிரமே திறந்து வைத்துவிட்டது! ஹவி என்ற குழந்தை டாக்டரோடு சேர்ந்து, கர்ப்பிணிகளுக்கு அந்த ஊசியைப் போட்டுப் பார்த்து 1972-ல் முடிவை வெளியிட்டார். 1980-ல் ஜப்பானில் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் நேரடியாக விட்டுப் பார்த்தார். பலன் கிடைத்தது. ஆட்டு நுரையீரலிலிருந்து நம் நாட்டிலேயே தயாரித்து, புதுச்சேரி ஜிப்மர் உள்படப் பல ஆஸ்பத்திரிகளில் பரிசோதித்து, 2019-ல் அதன் அறிக்கையும் வந்தது.

இந்தச் சர்ஃபாக்டன்ட் மருந்து விலை கூடியது. அதை உள்ளே செலுத்தத் தேர்ந்த கையும், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் வேண்டும். ஆனால் தாய்க்குப் போடும் ஸ்டீராய்ட் ஊசி இருக்கிறதே, டெக்ஸாமெத்தஸோன், சில ரூபாய் சமாச்சாரம். 12 மணி நேரத்துக்கு ஒன்று வீதம் நாலு ஊசி. ஜிம்மில் புஜம் ஏற்றப் போட்டுக்கொள்கிறார்களே, அந்த வகை ஸ்டீராய்ட் இல்லை, பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் நம் பெல்காவி உள்பட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2020-ல் வெளிவந்தது. 25 தாய்மார்களுக்கு ஊசி போட்டால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கிறது என்றது கணக்கு. இந்தியாவில் 2020-ல் மட்டும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சுமார் 30 லட்சம். பெருக்கல் கணக்கை உங்களிடமே விடுகிறேன்.

ஊசிக்கு ஒரே ஒரு கண்டிஷன். வேலை செய்ய அவகாசம் வேண்டும். போட்டு ஒரு நாள் கழித்துப் பிரசவம் ஆனால்தான் முழுப் பலன். அந்த ஒரு நாளை எங்கே தொலைக்கிறோம் தெரியுமா?

சம்சாரம் தலைப்பிரசவத்துக்கு கோபியில் அம்மா வீட்டில். நீங்கள் பீளமேட்டில் ஆபீஸ். எட்டாவது மாசத் தொடக்கம். ராத்திரி பதினோரு மணிக்கு போன்.

"ஏனுங் மாப்ளே, புள்ளைக்கு இடுப்பு வலிக்குதுன்னு சொல்றா. சூட்டு வலியா இருக்குமுங்க. சீரகத் தண்ணி வெச்சுக் குடுத்திருக்கறேன். விடிஞ்சு பாத்துக்கலாமுங்க."

பெரியவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பத்துக்கு ஏழு தடவை சூட்டு வலியாகவேகூட இருக்கலாம். ஆனால் மிச்சம் மூன்று தடவைக்கு 'விடிஞ்சு பாத்துக்கலாம்' என்பது எட்டு மணி நேரச் செலவு. 37 வாரம் முடியாத கர்ப்பிணிக்கு விட்டு விட்டு வலியோ, நீர் கசிவோ, ரத்தமோ கண்டால், "இல்லீங்க அத்தை, இப்பவே கிளம்பிருங்க, நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்தர்றேன்" என்று சொல்ல வேண்டியது மாப்பிள்ளையின் வேலை. வண்டி இல்லையென்றால் 108.

போகிற ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தையைப் பார்க்கும் வசதி உண்டா என்பதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உண்டு. டாக்டரிடம், "குழந்தை நுரையீரலுக்கு ஊசி போட வேண்டி வருமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போடலாமா, எந்த வாரத்தில், எத்தனை என்பதெல்லாம் அவர் முடிவு. மெடிக்கல் ஷாப்பில் வாங்கி நாமே போட்டுக்கொள்ளும் சங்கதி இல்லை. நல்ல கவனிப்பு இல்லாத இடத்தில் இந்த ஊசி கெடுதல்கூட செய்யலாம்.

கிரிக்கெட் ஸ்கோரும் பெட்ரோல் விலையும் விரல் நுனியில் வைத்திருக்கிறோம். மனைவிக்கு இது எத்தனையாவது வாரம் என்பதையும் கூடச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்கள். 'எட்டா, ஒன்பதா...' என்று தலையைச் சொறிந்துகொண்டு மாமியார் முகத்தைப் பார்க்கக் கூடாது பாருங்கள்!